பாலும் கோதுமையும் விலக்கிய வீட்டில் என்ன சமைப்பது?

விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தில் மாலை ஏழு மணிக்கு இறங்குகிறவருக்குப் பசியாற என்ன கிடைக்கும்? பால் டீ, பட்டர் பன், சமோசா, பரோட்டா சால்னா, முட்டை நூடுல்ஸ். பாரிமுனைப் பக்கம் போனால் பர்மா நூடுல்ஸான அத்தோ. வேலை முடிந்த அலுப்புக்கு வட சென்னை தேடிப் போகிற இந்தத் தீனிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கோதுமையோ பாலோ, இல்லை இரண்டுமோ இருக்கின்றன. 'இனிமேல் இது இரண்டும் வேண்டாம்' என்று டாக்டர் சொன்னாலும் சரி, செல்போனில் பார்த்த வீடியோ சொன்னாலும் சரி, வீட்டில் முதலில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: அப்புறம் என்னத்தைச் சாப்பிடுவது?

இந்தக் கேள்விக்குக் கடைகள் வைத்திருக்கும் பதில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடித்த பிஸ்கட்டும் பாதாம் பாலும். விலை பல மடங்கு. நம் வீட்டு அடுப்பிலேயே இதைவிட நல்ல பதில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. ஆனால் அந்தப் பதில் பலிக்க மூன்று வேலைகள் நடக்க வேண்டும். எதை, எதற்காக விலக்குகிறோம் என்று தெரிந்து விலக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வருவதைத் தடுக்க வேண்டும். விலக்கியதோடு போன சத்தை வேறு வழியில் சேர்க்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் சாப்பாடு மாறுமே தவிர உடம்பு தேறாது.

யாருக்கு இது தேவை?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலின் உட்சுவரையே அரிக்கும். இதைக் கண்டுபிடித்த கதை பஞ்சத்தோடு சேர்ந்தது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ரொட்டிக்கே தட்டுப்பாடு வந்தபோது, தீராத வயிற்றுப்போக்கோடு இருந்த குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மறுபடி நோயில் விழுந்ததையும் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே கவனித்தார். கோதுமைதான் காரணம் என்று 1950-ல் தன் ஆய்வேட்டில் எழுதினார்.

நம் பக்கம் நிலைமை என்ன? குடலியல் மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு 23,331 பேரைப் பரிசோதித்தது. சீலியாக் நோய் வட இந்தியாவில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தென்னிந்தியாவில் 0.10. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகளோ வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4. கிட்டத்தட்ட சமம். பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது: ஒரு நாளைக்கு வடக்கே சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் காலைக்கு ரவை, இரவுக்குச் சப்பாத்தி, இடையில் பரோட்டா என்று நகரச் சாப்பாடு மாறிவரும் இந்தக் காலத்தில் அந்த 0.10-ஐ நிலையான எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

கோதுமை ஒவ்வாமை வேறு நோய். 'சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது' என்பது மூன்றாவது வகை. அதில் குளூட்டன்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. நார்வேயில் 59 பேரிடம் செய்து 2018-ல் வெளிவந்த சோதனையில், உப்புசத்தைக் கிளப்பியது குளூட்டன் அல்ல, கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து என்று தெரிந்தது. அது வெங்காயத்திலும் பூண்டிலும் ஏராளம். சப்பாத்தியை நிறுத்திவிட்டு சின்ன வெங்காய சாம்பாரை ஒரு பிடி பிடிக்கிறவருக்கு உப்புசம் தீராததில் வியப்பில்லை.

பாலிலும் இரண்டு கட்சி உண்டு. பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி பெரியவர்களில் பலருக்குக் குறைந்துவிடும். 1981-ல் வந்த ஓர் ஆய்வில் டெல்லியில் 27.4 சதவீதம் பேருக்கும் புதுச்சேரியில் 66.6 சதவீதம் பேருக்கும் இந்தக் குறை இருந்தது. ஆக நம்மில் பலருக்கு இது நோயே அல்ல, உடம்பின் வாகு. இவர்களில் பெரும்பாலானவர்கள் அரை டம்ளர் பாலைத் தாங்குவார்கள். தயிரில் லாக்டோஸ் குறைவு, நெய்யில் இல்லாத மாதிரிதான். பால் புரத ஒவ்வாமை அப்படி அல்ல. அவர்களுக்குத் தயிர், மோர், ஆட்டுப்பால், 'நாட்டு மாட்டுப் பால்' எதுவும் ஆகாது, நெய்யும் நம்பத்தக்கதல்ல.

இரண்டையும் சேர்த்து விலக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சீலியாக்கில் அரிபட்ட குடல்சுவரில்தான் பாலைச் செரிக்கும் நொதியும் சுரக்கிறது. குடல் ஆறும் வரை பாலும் ஒத்துக்கொள்ளாது. ஆறிய பிறகு பலருக்குப் பால் திரும்பிவிடும். அதனால் 'இரண்டும் ஆயுளுக்கும் வேண்டாம்' என்று தாமாக முடிவு கட்டுவது அவசரம். இன்னொரு அவசரமும் நடக்கிறது. சீலியாக் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும். முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் பரிசோதிக்கப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

கோதுமையும் பாலும் இங்கே வந்த வழி

விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்தது ஸ்வீடன்காரர்கள் 1923-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை. சுற்றுவட்டாரத்தில் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என்று ஷிஃப்ட் வேலை பரவியபோது, நின்றபடி சாப்பிட்டுவிட்டு ஓடுவதற்கான தீனியும் கூடவே பரவியது. டீயும் பன்னும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. தட்டுப்பாட்டுக் காலம் தென்னாட்டு வீடுகளுக்குள் கோதுமையைக் கொண்டுவந்தது. 1950-களின் நடுவிலிருந்து அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் முதல் கட்டத்தில் பால் அனுப்பக் குறிவைத்த நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. இங்கிருந்து மேற்கே மாதவரத்துப் பால் பண்ணையிலிருந்து பாக்கெட் பால் விடியற்காலையில் வாசலுக்கு வர ஆரம்பித்தது. அதற்கு முன் இந்தக் கரையோர வீடுகளில் கூழும் கஞ்சியும் கருவாடும் மீன் குழம்பும்தான் தினசரி. கோதுமை, பால் இரண்டையும் விலக்குகிற வீடு புதுச் சமையல் ஒன்றைக் கற்கப் போவதில்லை என்று சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

சொல்லாமல் நுழையும் கோதுமை

சப்பாத்தியையும் பரோட்டாவையும் விலக்குவது சுலபம். சிக்கல், கோதுமை இருப்பதே தெரியாத இடங்களில். முதலாவது பெருங்காயம். கடையில் வாங்கும் தூளும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசி மாவு கலந்தது இருக்கிறதா என்று டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் ரசத்துக்கு மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை போதும்.

அடுத்து ராகி சேமியா. பெயரில் ராகி, உள்ளே கோதுமையும் இருக்கும். சோயா சாஸிலும் கோதுமை உண்டு. உடம்பு சரியில்லாதவருக்கு நாம் கையில் எடுத்துப் போகிற ஹார்லிக்ஸில் கோதுமை, பார்லி, பால் மூன்றும் உண்டு. ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை இல்லை. ஆனால் அறுவடையிலும் ஆலையிலும் கலந்துவிடும். பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருள்களை அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. குளூட்டன் இல்லாதது என்று போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பொட்டலம் மடித்துத் தரும் சில்லறைச் சரக்குக்கு லேபிள் ஏது?

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய இடம் தெருமுனை மாவு மில். மிளகாய்க்குத் தனி மெஷின் வைத்திருப்பார்கள். காரம் ஏறினால் சண்டைக்கு வந்துவிடுவார்களே. கோதுமை, கேழ்வரகு, கம்பு, அரிசிக்கு ஒரே மெஷின். ஐந்து கிலோ ரேஷன் கோதுமை அரைத்து முடிந்ததும் பையைத் தட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்தவருடைய கேழ்வரகை அப்படியே மேலே கொட்டுவார்கள். முதலில் விழும் மாவு வெளிறி இருந்து, இரண்டு மூன்று பிடிக்குப் பிறகுதான் செம்பழுப்பு நிறம் வரும். அந்த வெளிறல் போன ஆளின் கோதுமை. சும்மா ருசிக்காக விலக்கியவருக்கு இதனால் ஒன்றுமில்லை. சீலியாக் உள்ளவருக்கோ அந்த மாவு முழுவதுமே ஆகாது. முதல் இரண்டு பிடியை ஒதுக்கினால் போதும் என்றும் நினைக்க முடியாது, கல்லில் ஒட்டியது கடைசி வரை வரும். கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதே நம்பகமான வழி. ஊறவைத்து கிரைண்டரில் அரைக்கிற இட்லி, தோசை, அடைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

ஓட்டலிலும் இதே கதைதான். தோசை மாவில் கோதுமை இல்லை. ஆனால் அந்தக் கல்லில் சற்று முன் ரவா தோசையோ பரோட்டாவோ வெந்திருக்கும். பஜ்ஜி கடலை மாவுதான். எண்ணெய் சமோசா பொரித்த எண்ணெய்.

பசையில்லாத மாவைப் பிடித்து வைப்பது

குளூட்டன் செய்கிற வேலை இரண்டு. மாவை இழுபடச் செய்யும். காற்றைப் பிடித்து வைக்கும். இரண்டாவது வேலைக்கு நம்மிடம் உளுந்து இருக்கிறது. அதன் கொழகொழப்பும் புரதமும் புளிக்கும்போது வரும் வாயுவைக் குமிழியாகப் பிடித்துக்கொள்வதால்தான் இட்லி பூப்போல வருகிறது. ரொட்டி மாவுக்கு ஈஸ்ட் தேடி அலைகிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு.

முதல் வேலைக்கு முழு மாற்று கிடையாது என்று ஒப்புக்கொள்வது நல்லது. வீசி வீசி அடிக்கிற பரோட்டா குளூட்டன் இல்லாமல் வராது. ஆனால் பரோட்டாவில் நாம் தேடுகிறதில் பாதி சால்னாதான். தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துக் கொதிக்கவிட்ட சால்னாவில் பாலும் இல்லை, கோதுமையும் இல்லை. அதற்குக் கல் தோசை, ஆப்பம், அரிசிப் பத்திரி மூன்றும் ஜோடி சேரும். பத்திரிக்கும் கேழ்வரகு ரொட்டிக்கும் சூட்சுமம் கொதிக்கிற தண்ணீர். ஒரு கப் மாவுக்கு ஏறக்குறைய ஒரு கப் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்து, மாவைக் கொட்டிக் கிளறி மூடிவைக்க வேண்டும். சூட்டில் மாவு வெந்து பசை விடும். கை பொறுக்கிற சூட்டில் பிசைந்தால் விரிசல் விடாமல் தட்ட வரும். அப்படியும் உடைந்தால் ஒரு தேக்கரண்டி இசப்கோல் சேர்த்துப் பத்து நிமிடம் விடலாம். அது தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி மாவைக் கட்டும்.

அத்தோ பிரியர்களுக்கும் வழி உண்டு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் அது. அந்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ் மைதா. வீட்டில் அரிசி சேவையை வேகவைத்து ஆறவிட்டு, மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பூண்டு வறுத்த எண்ணெய், கெட்டிப் புளித்தண்ணீர், வறுத்துப் பொடித்த கடலைப்பருப்பு, மிளகாய்த்தூள், கொத்தமல்லி சேர்த்துக் கையால் பிசைந்தால் முக்கால்வாசி ருசி வந்துவிடும். ஸ்பூனால் கிளறினால் வராது. கூடவே ஊற்றிக் கொடுக்கிற வாழைத்தண்டு சூப், மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் சூப்பின் வம்சம். பர்மாவில் மொய்ங்காவே அரிசி நூடுல்ஸில் செய்வதுதான். மேலே நொறுக்கிப் போடுகிற பேஜோவை மட்டும் கடையில் வாங்காமல் வீட்டில் அரிசி மாவும் கடலை மாவும் கலந்து பொரித்துக்கொள்ள வேண்டும். கடைக்குக் கடை மாவு மாறும்.

பால் இருந்த இடத்தில்

பாலுக்கு மாற்று என்றதும் கை போவது தேங்காய்ப்பாலுக்கு. இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் அது இருக்கிறபோது வேறெதுவும் வேண்டாம். பாயசத்தில் மட்டும் கவனம்: வெல்லம் கொதிக்கும்போது முதல் பாலை ஊற்றினால் திரியும். ஜவ்வரிசியையோ அவலையோ இரண்டாம் மூன்றாம் பாலில் வேகவிட்டு, வெல்லப்பாகு சேர்த்து இறக்கி, சூடு தணிந்த பிறகு முதல் பாலை ஊற்ற வேண்டும். சேமியாவை யாரும் கேட்க மாட்டார்கள்.

தயிர் சாதத்தின் இடத்தில் பழைய சோறு. இரவில் தண்ணீர் ஊற்றிய சோறு புளித்து, காலையில் மோர் இல்லாமலே மோர் சுவை தரும். உப்பும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை வட சென்னையின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே அரசு நிதியோடு ஆராயப் புறப்பட்டது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் எடுத்தால் பால் உள்ளே வந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்குப் பதில் கருவாடு.

பால் டீக்கு வேர்க்கடலைப் பால் ஓரளவு ஒத்துப்போகும். கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து வடிகட்டிக் காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு டிகாஷனில் கலக்க வேண்டும். புரதம் கெட்டித் தேங்காய்ப்பாலைவிடச் சற்று அதிகம். இந்த வேலையெல்லாம் முடியாது என்பவருக்கு இருக்கவே இருக்கிறது சுக்குக் காபி.

இனி சத்துக் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம். தேங்காய்ப்பாலில் அதில் கால்வாசிகூடக் கிடையாது. 100 கிராம் கேழ்வரகிலோ 364 மில்லிகிராம். 30 கிராம் மாவில் கரைத்த ஒரு சொம்புக் கூழ், கால்சியத்தில் 100 மில்லி பாலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கேழ்வரகில் இருக்கும் ஃபைட்டேட் அதைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும்; மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிட்டால் அந்தப் பிடி தளரும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் ஊற்றுகிற கூழுக்கு மாவைப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுகிற முறை அதற்குத் தோதானது. கரைக்கும்போது மோர் சேர்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எள்ளுப்பொடி, முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி மூன்றும் மிச்சக் கணக்கைச் சரிக்கட்டும். மீனும் முட்டையும் சாப்பிடுகிற வீட்டில் பி12-க்குக் கவலையில்லை. சுத்த சைவ வீட்டில் பாலையும் நிறுத்தினால் மாத்திரை வேண்டியிருக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த மாற்றுப் பால் எதையும் தாய்ப்பாலுக்கோ டாக்டர் சொன்ன பால்மாவுக்கோ பதிலாகக் கொடுக்கக் கூடாது.

விலக்கினாலே ஆரோக்கியமா?

இல்லை. கடையில் விற்கிற குளூட்டன் இல்லாத பிஸ்கட்டின் பின்பக்கத்தைப் படித்தால் மக்காச்சோள ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், சர்க்கரை, பாமாயில் என்று போகும். அதில் நார்ச்சத்து எங்கே? வீட்டிலும் இதே தவறு நடக்கலாம். காலை இட்லி, மதியம் சோறு, இரவு இடியாப்பம் என்றால் மூன்று வேளையும் அரிசி. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சப்பாத்தியை விட்டுவிட்டு ஐந்து இடியாப்பமும் சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலும் என்று மாறுகிறவர் ஒரு தொல்லைக்கு மருந்தாக இன்னொன்றை வாங்குகிறார். இரண்டு இடியாப்பத்தோடு சங்கரா மீன் குழம்போ கொண்டைக்கடலைக் குழம்போ வைத்தால் கணக்கு மாறும். பருப்பு வகைகள் ஊறப்போட்டு அரைத்த அடை, பச்சைப்பயறு பெசரட்டு இரண்டும் வாரத்தில் பாதி இரவுகளுக்குப் போதும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் தினமும் இரண்டு வேளை வேண்டாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர் நாக்குக்குத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்த வேண்டும்.

வாசலுக்கு வெளியே

வீட்டு அடுப்பைத் திருத்துவது குடும்பத்தின் கையில் இருக்கிறது. பள்ளி அடுப்பு அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் தொடங்கியபோது அதன் பட்டியலில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவா கிச்சடி என்று கோதுமைதான் மேலோங்கி நின்றது. அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் அதே பட்டியலில் இருந்தன. சீலியாக் உறுதியான பிள்ளை படிக்கிற பள்ளியில், மருத்துவச் சான்றைப் பார்த்து அந்த நாளில் அரிசி உப்புமாவுக்கு மாற்றித் தர ஓர் உத்தரவு போதும். புதுப் பொருளும் வேண்டாம், புதுச் செலவும் அதிகம் இல்லை. 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சென்னை அட்டைதாரர்களுக்கு அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வாங்க வழி இருக்கிறது. கேழ்வரகு கேட்கிற வழியும் வந்தால், இந்தச் சமையல் வசதியுள்ள வீட்டின் விருப்பமாக நின்றுவிடாது.

அதுவரை செய்யக் கூடியதை வரிசைப்படுத்தினால் இப்படி வரும். நிறுத்துவதற்கு முன் பரிசோதனை. அடுத்து பெருங்காய டப்பாவும் மில் மாவும். அதற்கடுத்து கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும், புரதத்துக்குப் பருப்பும் மீனும். புதிதாக என்ன வாங்குவது என்ற கேள்வி இவை எல்லாம் முடிந்த பிறகுதான் வர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கேள்விக்கு வேலையே இருக்காது.